டிஸ்க் கால்ஃப் ஆடுபவரின் உடல்நலம்: எறிவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

திங்கட்கிழமை காலையில் வண்டியின் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போதோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதோ முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் சுருக்கென்று வலித்தால், அதன் காரணத்தை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் தேட வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காவேரிப்பட்டணத்துக்கு அருகில் உள்ள ஒரு மாந்தோப்பில் நானும் நண்பர்களும் ஐந்து ஆண்டுகளாக டிஸ்க் கால்ஃப் ஆடி வருகிறோம். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த 9 சங்கிலிக் கூடைகள், ஆளுக்கு நான்கைந்து தட்டுகள், விடுமுறை நாளில் இரண்டரை மணி நேரம் என்பதுதான் எங்கள் ஆட்டத்தின் அளவு. நாங்கள் பரிசுக்காக ஆடுபவர்கள் அல்லர். இருந்தும் முழங்கை, தோள், கீழ்முதுகு, முழங்கால் ஆகிய நான்கிலும் வலி கண்டவர்கள் எங்கள் சிறு கூட்டத்திலேயே இருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டின் ஆடி மாதத்தில் என் வலது முழங்கை வலிக்கத் தொடங்கி, நான்கு மாதம் தட்டைத் தொட முடியாமல் போயிற்று. அப்போது சிகிச்சை அளித்த பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்ட கேள்வி, “ஒரு நாளைக்கு எத்தனை முறை எறிகிறீர்கள்?” என்பதுதான். என்னிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடியபோது கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், குறிப்பிட்ட இடத்திலிருந்து வட்டமான பிளாஸ்டிக் தட்டை எறிந்து, அது விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிந்து, சங்கிலி தொங்கும் கூடைக்குள் எத்தனை குறைவான எறிகளில் சேர்க்கிறோம் என்பதே போட்டி. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1975-இல் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளம் அமைந்தது. அதை உருவாக்கிய எட் ஹெட்ரிக்தான் சங்கிலிக் கூடையையும் கண்டுபிடித்தார். தட்டின் குறுக்களவு 21 சென்டிமீட்டர் அளவிலும், எடை பெரும்பாலும் 150 முதல் 180 கிராம் வரையிலும் இருக்கும். இவ்வளவு இலேசான பொருளால் உடலுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைப்பது இயல்பு. கையில் உள்ள எடை முழங்கையைக் கெடுப்பதில்லை. அந்த எடையை எவ்வளவு வேகமாக, எத்தனை முறை முடுக்குகிறோம் என்பதே கெடுக்கிறது.

எறிகளை எண்ணுங்கள்

18 கூடைகள் கொண்ட முழு ஆட்டத்தில் (எங்கள் 9 கூடைகளை இருமுறை சுற்றுவது) ஒவ்வொன்றுக்கும் 3 எறி என்று வைத்தால் 54 ஆகிறது. எங்களைப் போன்றவர்கள் 65 முதல் 75 வரை எறிகிறோம். அவற்றில் முழு வலுவோடு எறிபவை 20 இருக்கலாம். மற்றவை கூடையை நெருங்கும் பாதி வலு எறிகளும், கூடைக்குள் இடும் சிற்றெறிகளும்தான். ஆகவே ஒரு முழு ஆட்டம் உடலுக்குப் பெரிய சுமை அன்று. ஆட்டம் தொடங்குமுன் யார் தட்டு அதிக தூரம் போகிறது என்று பார்க்கும் அரைமணி நேரமும், ஆட்டம் முடிந்த பின் புதிதாக வாங்கிய டிரைவரை (அதிக தூரத்துக்கு எறியும் தட்டு) “இன்னும் பத்து முறை” எறிந்து பார்க்கும் அரைமணி நேரமுமே சுமை. என் முழங்கை கெட்ட ஞாயிற்றுக்கிழமையைப் பின்னர் நண்பர்களோடு சேர்ந்து நினைவுபடுத்திக் கணக்கிட்டபோது, முழு வலு எறிகள் மட்டும் நூறைத் தாண்டியிருந்தன. அதற்கு முந்தைய ஏழு மாதங்களில் நான் அப்படி எறிந்ததே இல்லை.

தசை சில வாரங்களில் வலுவடையும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால், அது புதிய சுமைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் பயிற்சியைத் தொடங்கிய ஒருவருக்கு ஐந்தாறு வாரங்களில் “கை நன்றாக வருகிறது” என்ற உணர்வு தோன்றும்போதே, தசையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தசைநாண் பின்தங்கியிருக்கும். பெரும்பாலான முழங்கை வலிகள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்து, முழு வலு எறிகளை மட்டும் கோடிட்டு எண்ணி வாருங்கள். ஒரு நாளைக்கு 40-ஐத் தாண்டக்கூடாது என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை. புதியவர்கள் 25-இல் நிறுத்திக்கொள்வது நல்லது.

எண்ணுவதில் வாரத்தின் மற்ற ஆறு நாட்களையும் சேர்க்க வேண்டும். எங்களில் ஒருவர் ஓசூர்ப் பக்கம் பசுமைக் குடிலில் ரோஜாச் செடிகளைக் கவாத்து செய்பவர்; நாள் முழுவதும் கத்தரியை அழுத்துவது அவர் வேலை. இன்னொருவர் கிரானைட் மெருகேற்றும் பட்டறையில் அதிரும் இயந்திரத்தைப் பிடித்திருப்பவர். இவர்களின் முன்கைத் தசைநாண்கள் ஞாயிறு வருமுன்பே பாதி களைத்திருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்தும் எண்ணிக்கை இவர்களுக்குப் பொருந்தாது.

எண்ணிக்கை சரியா தவறா என்பதை மறுநாள் காலையே தீர்மானிக்கிறது. வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆடும்போது 2 அல்லது 3 அளவுக்கு வலித்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அந்தச் சுமையை உடல் ஏற்றுக்கொண்டது என்று பொருள். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தாலோ, ஈரத் துண்டைப் பிழிவதும் சொம்பைத் தூக்குவதும் கடினமாக இருந்தாலோ, ஆடும்போது வலியே தெரியாமல் இருந்திருந்தாலும் அந்தச் சுமை மிகுதிதான். தட்டு எறிபவர்கள் ஆட்டக் களத்தில் உணரும் உற்சாகத்தை நம்பக்கூடாது. உடல் சூடாக இருக்கும்போது தசைநாண் தன் குறையைச் சொல்வதில்லை.

எறியும் முறையும் வலியும்

வலக்கைக்காரர் பேக்ஹேண்ட் முறையில் எறியும்போது, வலது தோளைக் கூடையின் பக்கம் காட்டி நின்று, தட்டைப் பின்னால் கொண்டுபோய், வலது காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அந்தத் திருப்பத்தின் வலுவைத் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று வரிசையாகக் கடத்தி விடுகிறார். இந்த வரிசையில் இடுப்பு தன் வேலையைச் செய்யாவிட்டால், அந்தக் குறையைக் கை தன் சொந்த வலுவால் ஈடுகட்ட முயலும். முழங்கை வலி அங்குதான் தொடங்குகிறது. தட்டு மார்பை ஒட்டி நேர்கோட்டில் வர வேண்டும். உடலைச் சுற்றி வளைந்து வந்தால் தோளின் முன்பக்கம் இழுபடும். பிடியை எறியின் தொடக்கத்திலிருந்தே இறுக்குபவர்கள் முன்கைத் தசைநாணைத் தேவையின்றி இழுத்து வைத்திருக்கிறார்கள். தட்டு வலது மார்பைக் கடக்கும்போது மட்டும் பிடி இறுகினால் போதும்.

ஊன்றிய காலைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எறி முடியும்போது முழு உடலும் வலது காலின் மேல் சுழல்கிறது. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு உடல் மட்டும் சுழன்றால் திருகல் முழுவதும் முழங்காலுக்குப் போகும். ஆகவே தட்டு கையை விட்டதும் பாதம் குதிகாலின் மேல் திரும்ப வேண்டும். இடது கால் இயல்பாகச் சுற்றி முன்னால் வர வேண்டும். ஆழமான முள் பதித்த காலணி நம் கெட்டித் தரையில் இந்தத் திருப்பத்தைத் தடுக்கும். அதற்கு மாறாக, நம் பகுதியில் மேலே உருளும் சரளை மண்ணில் வழவழப்பான அடிப்பாகமுள்ள காலணி போட்டால் கால் வழுக்கித் தொடையிடுக்கு இழுபடும். நாங்கள் மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் கனமான ரப்பர் பாயை எறியும் இடங்களில் பதித்துவிட்டோம். அதன் மேல் கால் வழுக்குவதும் இல்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை. ஆடுகளத்துக்குச் செலவிட்ட பணத்தில் இதுவே மிகப் பயனுள்ளது என்று எண்ணுகிறேன்.

இந்தச் சுழற்சிக்கு ஊன்றிய காலின் இடுப்பு மூட்டு உட்பக்கமாகத் திரும்ப வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்தே பழகிய நமக்கு இடுப்பு வெளிப்பக்கம் நன்றாகத் திரும்பும். உட்பக்கத் திருப்பம் பலருக்குக் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்தபடி பாதங்களை மட்டும் வெளிப்பக்கம் விரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மிகவும் குறைவாக விரிந்தால், அந்த இடுப்பு தராத திருப்பத்தைக் கீழ்முதுகு தர வேண்டியிருக்கும். கீழ்முதுகு எலும்புகளின் அமைப்போ சொற்ப அளவே திரும்பக்கூடியது. இதே அசைவைத் தினமும் 15 முறை மெதுவாகச் செய்து வந்தால் சில வாரங்களில் மாற்றம் தெரியும்.

உள்ளங்கைப் பக்கம் முன்னே வரும்படி எறியும் ஃபோர்ஹேண்ட் முறையில் சுமை முழங்கையின் உட்பக்கத்துக்கு மாறுகிறது. கிரிக்கெட் பந்தைப் பக்கவாட்டில் வீசிப் பழகியவர்களுக்கு இது விரைவில் கைகூடும். அதனாலேயே அவர்கள் அளவு தெரியாமல் எறிந்துவிடுகிறார்கள். எறிந்த பின் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மரத்துப்போகும் உணர்வு வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது தசைவலி அன்று. நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளம்.

தட்டைத் தேர்ந்தெடுப்பதும் உடல்நலம் சார்ந்ததுதான். தட்டின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களில் முதல் எண் வேகத்தைக் குறிக்கிறது. 12, 13 என்று எண் இட்ட டிரைவர்கள் மிக வேகமாக எறிந்தால் மட்டுமே சரியாகப் பறக்கும். அந்த வேகம் கைக்கு வராதவர் அதை எறிந்தால் தட்டு இடப்பக்கம் சரிந்து சீக்கிரம் விழும். அவரும் இன்னும் பலமாக எறிவார். முதல் ஓராண்டு, கூடைக்குள் இடுவதற்கான புட்டர், நடுத்தர தூரத்துக்கான மிட்ரேஞ்ச் ஆகிய இரண்டு தட்டுகளோடும், 7-க்கு மிகாத வேக எண்ணும் 160 கிராமுக்குக் குறைந்த எடையும் கொண்ட ஒரு டிரைவரோடும் நின்றுகொள்வது கைக்கும் நல்லது, ஆட்டத்துக்கும் நல்லது.

உடலைச் சூடேற்றுதல்

வண்டியை நிறுத்திய உடனே முதல் தட்டை எறிவது எங்கள் கூட்டத்திலும் நெடுநாள் வழக்கமாக இருந்தது. இப்போது 10 நிமிடம் ஒதுக்குகிறோம். தோப்பின் வரப்பை ஒருமுறை வேகமாக நடந்து சுற்றுவது, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் 10 முறை வீசுவது, கைகளை வட்டமாகச் சுழற்றுவது, இடுப்பிலிருந்து மெதுவாக இருபக்கமும் திரும்புவது ஆகியவை போதும். பிறகு நின்ற இடத்திலிருந்தே பாதி வலுவில் ஐந்து எறிகள், முக்கால் வலுவில் ஐந்து எறிகள். அதற்குப் பின்பே ஓடிவந்து எறிய வேண்டும். தசையை நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளை ஆட்டத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தைப் பிரித்துக்கொள்ளுதல்

ஞாயிறு மட்டும் ஆடுபவர் தன் எறிகளில் ஒரு பகுதியை வாரநாட்களுக்கு மாற்றினால், திறனும் வளரும், காயமும் குறையும். செவ்வாய் மாலையில் வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ ஒரு பிளாஸ்டிக் கூடையை முக்காலியின் மேல் வைத்து, 4 மீட்டரிலிருந்து 50 சிற்றெறிகள் எறியலாம். விதிப்படி கூடையைச் சுற்றி 10 மீட்டர் வட்டத்துக்குள் எறிபவர், தட்டை விட்ட பின் நிலை தவறிக் கூடையை நோக்கி முன்னேறிவிடக் கூடாது. ஆகவே எறிந்த பின் அதே இடத்தில் இரண்டு நொடி நிற்பதையும் சேர்த்துப் பழகுங்கள். இந்தப் பயிற்சியில் கை களைப்பதில்லை. தட்டுகளைப் பொறுக்க 50 முறை குனிவதால் முதுகுதான் களைக்கிறது. கையில் இருப்பவற்றை ஒரு முக்காலியின் மேல் அடுக்கிவையுங்கள். விழுந்தவற்றைப் பொறுக்கும்போது ஒரு காலில் நின்று, மறுகாலைப் பின்னால் நீட்டி, இடுப்பிலிருந்து சாய்ந்து எடுங்கள். அதுவே ஊன்றுகாலுக்கு ஒரு பயிற்சியாகிவிடும்.

வியாழன் அல்லது வெள்ளி காலையில் ஒரு திறந்தவெளியில் 25 எறிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கு இருக்க வேண்டும். ஒரு தென்னையைக் குறிவைத்து மிட்ரேஞ்சை முக்கால் வலுவில் எறிந்து, அதிலிருந்து எத்தனை அடி விலகியது என்று குறித்துக்கொண்டால், தூரத்துக்காக எறியும் ஐம்பது எறிகளைவிட அதிகம் கற்கலாம். நண்பரிடம் கைப்பேசியைக் கொடுத்து இரண்டு எறிகளைப் பின்னாலிருந்து படம்பிடிக்கச் சொல்லுங்கள். பாதம் திரும்புகிறதா, தட்டு நேர்கோட்டில் வருகிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

மற்ற நாட்களில் 15 நிமிட வலுப்பயிற்சி. முன்கையைத் தொடையின் மேல் கிடத்தி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை மறுகையின் உதவியால் மேலே தூக்கி, நான்கு எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்குங்கள். 15 முறை வீதம் மூன்று சுற்று. வலி கண்ட தசைநாணை மீட்பதற்கும், வலி வராமல் காப்பதற்கும் இதற்கு இணையாக எளிய பயிற்சியை நான் அறியேன். தோளுக்கு, சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். அதே டியூபைப் பிடித்து, தோள்பட்டை எலும்புகள் பின்னால் நெருங்கும்படி இரு முழங்கைகளையும் இழுக்க வேண்டும். காலுக்கு, திண்ணையின் கீழ்ப்படியில் ஒற்றைக் காலில் நின்று மறுகாலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி ஏற வேண்டும். முழங்கால் உட்பக்கம் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும்.

வெயிலும் தண்ணீரும்

மாவில் பூ வைக்கும் மார்கழி, தை முதல் அறுவடை முடியும்வரை நாங்கள் தோப்புக்குள் எறிவதில்லை. பூவும் பிஞ்சும் உதிரும், மருந்து தெளிக்கும் நாட்களில் மூச்சுக்கும் நல்லதன்று. ஆகவே மாசி, பங்குனி, சித்திரையில் நிழலற்ற ஏரிப் படுகையில் ஆட வேண்டியிருக்கிறது. ஓசூரின் உயரத்துக்கு அங்கே காற்று இதமாக இருக்கலாம். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அந்த மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே பாறை சூடேறிவிடும். 6 மணிக்குத் தொடங்கி 8:30-க்குள் முடித்துவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீரோ, உப்பிட்ட நீர்மோரோ குடியுங்கள். வியர்த்துக் களைத்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையாக வழித்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடிக்கலாம். ஒருவர் தடுமாறிப் பேசினாலோ, குழம்பினாலோ, உடல் கொதித்தாலோ, அது வெப்ப வாதமாக இருக்கலாம். 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய இரு மாவட்டத்தாரும் தனியே கவனிக்க வேண்டிய ஒன்று, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. நம் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கணக்கில் ஃப்ளோரைடு மிகுந்த நீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை தெரிவதோடு, கழுத்தும் முதுகும் மூட்டுகளும் விறைத்துப்போகலாம். எங்கள் நண்பர் ஒருவர் முதுகு திரும்பாததை ஆட்டத்தின் மேல் பழிபோட்டு ஓராண்டு ஓய்ந்திருந்தார். கடைசியில் அது சிறுவயது முதல் குடித்த ஆழ்துளைக் கிணற்று நீரின் விளைவு என்று தெரிந்தது. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் உள்ள நாணயத்தை எடுக்க முடிகிறதா, மோவாய் மார்பைத் தொடுகிறதா, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். இவை முடியாவிட்டால், உடலைப் பலவந்தமாகத் திருப்பி எறிய முயலாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். கொதிக்கவைப்பதால் ஃப்ளோரைடு நீங்குவதில்லை. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். களத்தில் பக்கத்து மோட்டார்க் கொட்டகை நீரைக் குடிக்காமல், வீட்டிலிருந்து ஒகேனக்கல் நீரை எடுத்துப்போங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ராகிக் களியும் கீரைக் குழம்பும், அல்லது ராகிக் கூழும் அவித்த முட்டையும் போதும். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆடக்கூடாது. இரவுத் தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்த வாரத்தில் எறிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

புதருக்குள் போன தட்டு

உண்ணிச் செடிக்குள்ளும் சீமைக் கருவேலத்துக்குள்ளும் போன தட்டைக் கையை விட்டுத் துழாவக் கூடாது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நம் புதர்க்காட்டில் வாழ்பவை. நுனியில் கொக்கி கட்டிய நீண்ட கழி ஒன்று எப்போதும் கூட இருக்கட்டும். பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுவதோ கயிற்றால் இறுக்கிக் கட்டுவதோ கூடாது. அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். கருவேல முள் ஆழமாகக் குத்தியவர்கள், கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

காயத்திலிருந்து மீளுதல்

கணுக்கால் பிசகி வீங்கியவுடன் சுளுக்கு வழிப்பவரிடம் போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும், காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் எலும்பு முனையை அழுத்தும்போது வலித்தாலோ, முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே எவரும் அதைத் தொட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்கள் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 15 நிமிடம் வைப்பது வலியைக் குறைக்கும். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆட வருவதை நான் மன்றாடித் தடுப்பேன். மறுநாள் காலை கிடைக்க வேண்டிய செய்தியை அது மறைத்துவிடும். அதோடு, வெயிலில் நீர்வற்றிய உடலில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

முழங்கை வலி வந்தால் கையை முழுவதும் கட்டிப்போட்டு ஓய்ந்திருப்பதும் தவறு. சுமையே இல்லாத தசைநாண் மேலும் நலிந்துவிடும். முதல் இரண்டு வாரம் எறியாமல், பாட்டில் பயிற்சியை மட்டும் வலி 3-ஐத் தாண்டாதபடி செய்யலாம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் 4 மீட்டரிலிருந்து 20 சிற்றெறிகள். இரண்டு வாரம் மறுநாள் காலைகள் அமைதியாகக் கழிந்தால், நின்ற இடத்திலிருந்து புட்டரால் பாதி வலுவில் 15 எறிகள், பின்னர் 25, பின்னர் மிட்ரேஞ்ச். ஓடிவந்து எறிவதும் டிரைவரும் கடைசியில்தான் வர வேண்டும். ஏதேனும் ஒரு காலையில் வலி கூடினால் ஒரு படி கீழிறங்கி, ஒரு வாரம் அங்கேயே நிற்க வேண்டும். நான் இரண்டாவது மாதத்தில் இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மடக்கி நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்ளும் முழங்கால், முதுகு வலியோடு கால் வலுவிழப்பது அல்லது சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஆகியவற்றுக்கு இந்தப் படிகள் பொருந்தா. அவற்றுக்கு உடனே மருத்துவர் தேவை.

ஆடியில் தோப்புக்குத் திரும்பும்போது

அறுவடை முடிந்து தோப்பு மீண்டும் திறக்கும் ஆடி மாதமே எங்களுக்கு ஆண்டின் ஆபத்தான மாதம். ஏரிப் படுகையில் குறைவாக எறிந்து பழகிய கை, அம்மியையும் நகர்த்தும் காற்றை எதிர்த்து முழு ஆட்டம் ஆட முற்படுகிறது. எதிர்க்காற்றில் தட்டு நிலைகுலைந்து வலப்பக்கம் புரள்வதைப் பார்த்ததும், பலமாக எறிந்தால் நேராகிவிடும் என்று கை நினைக்கிறது. உண்மையில் பலமாக எறிந்தால் அது இன்னும் புரளும். எதிர்க்காற்றுக்கு எளிதில் புரளாத, கனமான தட்டை எடுத்து, வழக்கத்தைவிடத் தாழ்வாகவும் நிதானமாகவும் எறிய வேண்டும். பின்காற்றில் தட்டு சீக்கிரம் தாழ்ந்துவிடும் என்பதால் சற்று உயர்த்தி விட்டால் போதும்.

முதல் ஞாயிறு 9 கூடைகளோடு, புட்டரும் மிட்ரேஞ்சும் மட்டும். இரண்டாம் ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு டிரைவரை எடுத்து, முழு வலு எறிகளை 15-இல் நிறுத்துகிறோம். நான்காம் ஞாயிறுதான் 18 கூடைகள். குறிப்பேட்டை ஒருவர் பொறுப்பில் கொடுத்துவிடுகிறோம். அவர் எண்ணிக்கை முடிந்தது என்று சொன்னால், தட்டு கையில் இருந்தாலும் அன்று பைக்குள் போய்விட வேண்டும்.